போய் வந்தவரைக் கேட்டல்

வேலை கேட்டுச் செல்பவரைப் பற்றி வேலை தருபவர் அறிந்துகொள்ளாத செய்தி ஏதுமில்லை. பிறந்த நாள், பத்தாம் வகுப்பு மதிப்பெண், தந்தையின் தொழில், முன்பு பார்த்த வேலையை விட்ட காரணம், திருமணம் எப்போது என்பது வரையில் கேட்டுவிடுகிறார்கள். பெண்களிடம் இந்தக் கடைசிக் கேள்வியே முதற்கேள்வியாக வருவதும் உண்டு. எதிரே அமர்ந்திருப்பவரோ அந்நிறுவனத்தின் விளம்பரத்தையும் அதன் வாயில் வளைவையும் மட்டும் அறிந்தவர். 'எங்களிடம் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?' என்று நேர்காணலின் முடிவில் வினவுவது இப்போது ஒரு சடங்காகியிருக்கிறது. நம் பிள்ளைகள் 'இல்லை ஐயா, நன்றி' என்று பணிவோடு எழுந்து வந்துவிடுகிறார்கள்.

நம்மிடம் முதுகலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தியின் ஊர் குரங்கணி. போடிநாயக்கனூரிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில், கொட்டகுடி ஆற்றை ஒட்டி மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர். 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றோரைக் காட்டுத்தீ சூழ்ந்த துயரத்தால்தான் வெளியூர் நண்பர்கள் பலருக்கும் இப்பெயர் அறிமுகமாயிற்று. அதற்கு முன்பும் பின்பும் அவ்வூர் காப்பியும் மிளகும் ஏலமும் விளையும் சரிவுகளில் கூலிக்கு ஏறி இறங்குவோரின் ஊராகவே இருந்துவருகிறது.

அப்பெண்ணுக்கு வெளிமாவட்டத்துச் சுயநிதிக் கல்லூரியொன்றிலிருந்து பணிநியமனக் கடிதம் வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயையும் அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். 'அந்தக் கல்லூரி எப்படி ஐயா?' என்பது அவள் கேள்வி. அது தொடங்கப்பட்ட ஆண்டு, இருக்கும் பாடப்பிரிவுகள், பெற்றிருக்கும் தரச்சான்று என்று நாம் அறிந்தவற்றைச் சொன்னோம். அனைத்தும் அக்கல்லூரியே அச்சிட்டு வழங்கியவைதாம். தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு வாய் திறந்தார்.

"சம்பளம் எம்புட்டுங்கறத அவுகளே சொல்லிருவாக சாரு. என்னைக்குத் தருவாகங்கறத அங்க வேலை பாக்குறவகதான் சொல்லணும். இதுக்கு முன்னாடி அந்த வேலையப் பாத்த பிள்ள ஏன் போச்சு? அதக் கேட்டிகளா?"

கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அந்த மாணவிக்குத் தோன்றியிருக்கவில்லை.

அந்த அம்மா பள்ளிப் படியை அதிகம் மிதித்தவரல்லர். காய் எடுக்கும் பருவத்தில் போடியில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு, விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டும் வேளையில் திரும்புகிறவர். தோட்டத்தைத் தேர்வதில் அவருக்கிருக்கும் நுட்பத்தை அன்று நாம் வாய்பிளந்து கேட்டோம். ஏலச்செடியில் காய் தலைமேல் தொங்குவதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பும் சரங்களில் தரையோடு கிடப்பது. நாள் முழுதும் குனிந்தும் குந்தியும், முற்றியதை மட்டும் பார்த்துக் கொய்ய வேண்டும். அட்டை கடிக்கும், மழை விடாது. ஆகவே அவர் முதலில் விசாரிப்பது கூலியை அன்று. மருந்தடித்து எத்தனை நாள் கழித்து ஆளை உள்ளே விடுகிறார்கள்? மழைக்கு ஒதுங்கவும் பெண்கள் ஒதுங்கவும் இடமுண்டா? ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள், ஓட்டுநர் யார்? கூலி வாரந்தோறும் வருகிறதா, அடுத்த வாரத்துக்குத் தள்ளுகிறார்களா? எடை போடுபவர் எப்படிப்பட்டவர்?

ஏலக்காய் விலையையும் கவனித்துக்கொள்கிறார். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் மலைக்கு அப்பால் புற்றடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் அதிகபட்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயை எட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே விழுந்ததைப் போடியில் அறியாதவர் இல்லை. விலை சரியும்போது எந்த முதலாளி முதலில் கூலியை நிறுத்துவார், எவர் கடன் வாங்கியேனும் கொடுப்பார் என்பது ஜீப்பில் வருபவர்களுக்கு மனப்பாடம். நிறுவனங்களின் நிதிநிலையை ஆராயும் வல்லுநர்கள் இதைவிட மேலாக என்ன செய்துவிடுகிறார்கள் என்று நமக்குத் தெரியவில்லை.

சட்டமும் இதில் நுழைகிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 5 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் 15 பேருக்குக் குறையாத தொழிலாளரும் உள்ள தோட்டங்களையே தன் எல்லைக்குள் கொண்டது. குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் என்று அது வகுத்த கடமைகள் சிறு ஏலத்தோட்டங்களைத் தொட்டதில்லை. 'பெரிய தோட்டமா, சின்னத் தோட்டமா?' என்று அந்த அம்மா விசாரிப்பதன் உட்பொருள் இது. சட்டத்தின் பெயர் அவருக்குத் தெரியாது; அதன் எல்லைக்கோடு எங்கே ஓடியது என்பது தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார். "கேக்காமலே முன்பணம் குடுத்தாகன்னா அந்தத் தோட்டத்துக்குப் போகக்கூடாது சாரு. ஆளு நிக்காத எடத்துலதான் பணத்தக் காட்டுவாக."

அன்றிரவு நமக்கு ஆற்றுப்படை நூல்கள் நினைவில் ஓடின. பரிசில் பெற்று மீளும் கலைஞன் வழியில் எதிர்ப்படும் வறியவனிடம், 'இன்னாரிடம் செல். இந்த வழியாகச் செல். இன்ன உணவு கிடைக்கும்' என்று கூறுவதாக அமைந்தவை அவை. தொல்காப்பியப் புறத்திணையியல் அதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. பத்துப்பாட்டில் பாதி இவ்வகை. பல்லாண்டுகளாக வகுப்பில் இதைப் புரவலரின் வள்ளன்மை என்றும் இயற்கை வருணனை என்றும் நடத்திவருகிறோம். தேர்வில் 15 மதிப்பெண். ஆயினும் அடிப்படையில் அது என்ன? வேலை தேடுபவனுக்கு, அவ்வேலையளிப்பவரிடம் போய் வந்தவன் சொல்லும் தகவல். தொகுத்தோர் நெஞ்சில் வேறு நோக்கமிருந்திருக்கலாம். வடிவத்தின் எலும்புக்கூடு அதுவே.

மலைபடுகடாத்தை இந்தக் கண்ணோடு புரட்டிப் பாருங்கள். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். நன்னனிடம் பரிசில் பெற்ற கூத்தன் அடுத்த கூத்தனுக்கு மலைவழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் எங்குண்டு, பாம்பு பதுங்கும் குழிகள் எவ்விடம், பாசி வழுக்கும் பாறைகளை எவ்வாறு கடப்பது, தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் வழிப்போக்கர்மேல் விழாதிருக்க என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டே போகிறான். புரவலன் நல்லவன் என்பதனால் பாதையின் இடரை அவன் மறைப்பதில்லை. ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்கும் பெண்ணுக்கு அந்தக் கூத்தனின் பேச்சு எளிதில் புரியும்.

ஆற்றுப்படை புகழ்ப்பாட்டுத்தானே, பெற்றவன் குறை சொல்வானா என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமே. இன்று பெருநிறுவனங்களில், தாம் பரிந்துரைத்த ஆள் வேலையில் சேர்ந்தால் பரிந்துரைத்தவருக்குத் தொகை உண்டு. அவர் சொல்லும் நற்சொல்லை அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். ஆனால் சங்கப் புலவர்கள் மறுபக்கத்தையும் பதிவுசெய்யாமல் விட்டாரில்லை. பெருஞ்சித்திரனார் கதையை எண்ணிப் பார்க்கலாம். வெளிமானின் தம்பி இளவெளிமான் தகுதியறியாது சிறிதளவு கொடுத்தபோது அதைப் பெறாமல் வெளியேறி, முதிரமலைக் குமணனிடம் யானை பெற்றுவந்து, இளவெளிமானின் காவல்மரத்திலேயே கட்டிவிட்டுப் போனவர் அவர். அதியமான் தன்னைப் பாராமல் கொடுத்தனுப்பிய பொருளையும் மறுத்தவர். கொடாத வேந்தன் பெயரும் ஏடேறி இரண்டாயிரம் ஆண்டுகளாகப் படிக்கப்படுகிறது என்பது இளவெளிமான் எதிர்பார்த்திருக்க முடியாத ஒன்று.

இந்த வடிவம் பொய்யாகிப்போன காலமும் ஒன்று உண்டு. அதன் தடம் குரங்கணிக்கு மேலேயே கிடக்கிறது. குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களோடு சமவெளியை இணைத்த பழைய வழிகளுள் ஒன்று. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908இல் இரண்டடி அகல ரயில்பாதையும் டாப் ஸ்டேஷன் வரை வந்தன. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வே வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வண்டியில் போய், தூத்துக்குடியில் கப்பலேறின. 1924 வெள்ளம் ரயில்பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. பெட்டிகள் கீழிறங்கிய இதே சரிவில்தான் ஆட்கள் மேலேறினார்கள். அவர்களை அழைத்துப் போனவர் கங்காணி.

கங்காணியும் போய் வந்தவர்தாம். ஊரறிந்தவர், பல சமயம் உறவினர். புதுவேட்டியும் கைக்கடிகாரமுமாக வந்து மலைநாட்டின் வளத்தைச் சொன்னார். வடிவம் ஆற்றுப்படையே, ஆனால் சொன்னவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு இருந்தது. முன்பணம் கொடுத்தே அழைத்தார். வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் வெளியிட்ட 'ரெட் டீ' நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று 2007இல் தமிழாக்கினார். 2013இல் வந்த 'பரதேசி' திரைப்படத்தால் பலரும் அறிந்தது. திருநெல்வேலிச் சீமையின் மயிலோடையிலிருந்து புறப்படும் கருப்பனும் வள்ளியும் தோட்டத்தைப் பற்றி அறிந்தது மேஸ்திரியின் வாய்ச்சொல் மட்டுமே. அந்த ஊருக்கு மலையிலிருந்து மெலிந்து திரும்பிய ஒருவர் முன்னதாக வந்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அந்நாவல் அங்கேயே முடிந்திருக்கும்.

இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. இன்னார் இத்தோட்டத்துக்கு இவ்வளவு கடன்பட்டவர், அதைச் செலுத்துவோர் அவரை அழைத்துச் செல்லலாம் என்று எழுதிய சீட்டு அது. ஆள் இடம் பெயர்வதில்லை, கடன்தான் பெயர்ந்துகொண்டிருந்தது. 1921இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. போடிப் பெண்ணுக்கும் கண்டிச்சீமைக்குப் போனவருக்கும் அறிவில் வேற்றுமையில்லை. இடையில் கடல் இருந்தது. போடிமெட்டில் ஏறியவர் அன்று மாலையே இறங்கி வந்து தெருக்குழாயடியில் செய்தி சொல்கிறார். கடலுக்கப்பால் போனவரின் செய்தியோ கங்காணியின் வாய் வழியாகவே வந்தது. ஒரு முதலாளியைப் பற்றி நாம் பெறும் அறிவு, அவரிடமிருந்து மனிதர் திரும்பி வரும் வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

கணினியறிந்த தமிழ் இளைஞர்கள் 2022இல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் புறப்பட்டு, மியான்மரின் மியாவதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்கள் படிக்காதவர்கள் அல்லர். விளம்பரமும் நேர்காணலும் கைப்பேசியிலேயே முடிந்தன. போய் வந்தவர் எவரையும் அவர்கள் சந்திக்க வாய்ப்பில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற முகவர்களின் பட்டியல் 'இ-மைக்ரேட்' என்னும் அரசுத் தளத்தில் எவரும் காணும்படி இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நாம் வேலை தேடிய 2004ஆம் ஆண்டில் இத்தகைய தளங்கள் கைக்கெட்டுவனவாக இல்லை. ஒரு கல்லூரியின் நேர்காணலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் வாயிற்காவலரிடம் பேச்சுக் கொடுத்தோம். அதியமானின் வாயிற்காவலனை விளித்து ஔவையார் பாடினார்; நாம் பீடி வாங்கிக் கொடுத்தோம். "ரெண்டு மாசமா எங்களுக்கே வரலை சார்" என்றார். எதிர்த்த தேநீர்க் கடையில் பேராசிரியர்களின் கடன் எழுதிய நோட்டு நம் முதுகலை ஆய்வேட்டைவிடத் தடிமனாக இருந்தது. நேர்காணலில் தேர்வானோம். சேரும் நாளில் மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். திரும்பி வந்து இன்னும் நான்கு மாதம் தனிப்பயிற்சி மையத்தில் பத்தாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்தினோம்.

சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் பல இடங்களில் உயிரோடிருக்கிறது. மாணவர்களின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. வகுப்பெடுக்கும் ஆசிரியரின் சான்றிதழோ அலுவலக இரும்புப் பெட்டியில் கிடக்கிறது. துண்டு, கடவுச்சீட்டு, சான்றிதழ் என்று தாளின் பெயர்தான் மாறுகிறது.

மாணவியின் கதைக்கு வருவோம். தாயின் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். கல்லூரியின் பெயரை வருங்கால வைப்புநிதி நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பார்த்தோம். எந்த மாதத்துக்கான தொகை எந்நாளில் கட்டப்பட்டது, எத்தனை பேருக்குக் கட்டப்பட்டது என்று அது காட்டும். அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் கட்டப்பட வேண்டியது. கல்லூரி மலரில் கண்ட ஆசிரியர் எண்ணிக்கைக்கும் அங்கே கண்ட எண்ணிக்கைக்கும் உறவில்லை. ஆசிரியர் பட்டியல்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 2024 ஜூலையில் வந்த செய்தியே போதும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருப்பதாக அறப்போர் இயக்கம் வெளியிட்டது; முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொண்டது.

பிறகு அந்த நாற்காலியில் முன்பு இருந்தவரைத் தேடினாள். மாநிலத் தகுதித் தேர்வுக்குச் சேர்ந்து படித்த தோழி வழியாக எண் கிடைத்தது. அவர் முக்கால் மணி நேரம் பேசினாராம். ஊதியம் மாதத்தின் 20ஆம் நாளைத் தாண்டித்தான் வரும். சான்றிதழைத் திரும்பப் பெற மூன்று மாத ஊதியம் கட்டவேண்டும். முதல்வர் நல்லவர், நூலகமும் நன்று. மே மாதத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் ஊர் ஊராகச் சென்று இத்தனை மாணவரைச் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் ஊதியத்தில் பிடித்தம். கேட்டுக்கொண்டிருந்த தாய், "அப்ப நீ கங்காணி வேலைக்குல்ல போற" என்றார்.

அவள் அங்கே சேரவில்லை. மூன்று மாதம் கழித்து வேறொரு கல்லூரியில், அதைவிட நாலாயிரம் ரூபாய் குறைந்த ஊதியத்தில் சேர்ந்தாள். சான்றிதழ்களைச் சரிபார்த்து அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஊதியம் ஐந்தாம் நாள் வந்துவிடுகிறது. அந்த நாலாயிரம் அவள் வீட்டில் சிறிய தொகையன்று. தாய் அவ்வாண்டும் காய் எடுக்கப் போனார், முட்டிவலியோடு.

இங்கும் மே மாதம் வந்தது. சேர்க்கைப் பணி இல்லாத சுயநிதிக் கல்லூரி அரிது. போடி வட்டாரம் உனக்குப் பழக்கமாயிற்றே என்று துண்டுப் பிரசுரக் கட்டைக் கொடுத்து இவளையே அனுப்பினார்கள், பத்துப் பேர் என்ற இலக்கோடு. குரங்கணியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணொருத்தியின் தாய் பிரசுரத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "அத விடு தாயி. நீ அங்கதான இருக்க, உள்ளதச் சொல்லு" என்றாராம். இவள் சொல்லியிருக்கிறாள். மாலை ஐந்தே முக்கால் பேருந்தை விட்டால் அடுத்தது ஏழரைக்கு. இரண்டாமாண்டில் கட்டணம் கூடும். கணிதத் துறையில் இரண்டு இடம் காலி, யாரையும் போடவில்லை. விடுதிச் சாப்பாடு பரவாயில்லை. தமிழ்த்துறை நன்று, அதைத் தான் சொல்லக்கூடாது.

இலக்கில் இருவர் குறைந்துவிட்டார்கள் என்று சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னாள். துறைத்தலைவர் இன்னும் கூப்பிட்டுக் கேட்கவில்லையாம்.